பாட்டில் கணக்கும் பங்குக் கணக்கும்

(நம் அறக்கட்டளையில் நடந்த சிறு வணிகக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)





குடும்பத் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். படித்துப் பட்டம் வாங்கியவன் அல்ல நான். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான், சோடா கம்பெனி. என் அத்தாவும் பெரியத்தாவும் நடத்திய கம்பெனியில் பாட்டில் கழுவி வளர்ந்தவன். ஆகவே சோடா, கலர் கம்பெனிகளின் கதையைச் சொல்கிறேன். அதில் உங்கள் மளிகைக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் தோல் மண்டிக்கும் பிரியாணிக் கடைக்கும் வேண்டியது இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

இன்றைய பிள்ளைகளுக்குக் 'கலர்' என்றால் சட்டையின் நிறம்தான் தெரியும். அன்று நிக்காஹ் முடிந்து துஆ ஓதியதும் மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலில் வருவது கலர். ஆரஞ்சு, திராட்சை, பன்னீர், ஜிஞ்சர். வயிறு சரியில்லை என்றால் கோலி சோடாவில் எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுக் கொடுப்பார்கள்.

அந்தக் கோலி பாட்டில் நம்மூர்க் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் 1870களில் காப்புரிமை வாங்கியது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயில் ஒரு ரப்பர் வாஷர். பாட்டிலைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரும் வாயுவும் ஏற்றினால், உள்ளே இருக்கும் அழுத்தமே கோலியைத் தள்ளி வாயை அடைத்துவிடும். மூடியே வேண்டாம். எவ்வளவு அழுத்தம் இருந்ததோ அவ்வளவு இறுக்கம். அழுத்தம் மிஞ்சினால் பாட்டில் வெடிக்கும். எங்கள் கம்பெனியில் வேலை செய்தவர்களின் கையில் தழும்பு இல்லாதவர் குறைவு.

வெளியார் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. சோடாத் தொழிலில் முதல் போட வேண்டியது தண்ணீரிலோ சர்க்கரையிலோ அல்ல, பாட்டிலில். உள்ளே இருக்கும் சரக்கைவிடப் பாட்டிலுக்கு விலை பல மடங்கு. நூறு பெட்டி கலர் விற்க வேண்டுமானால் நூறு பெட்டி பாட்டில் போதாது. கடையில் கொஞ்சம், வண்டியில் கொஞ்சம், கழுவும் தொட்டியில் கொஞ்சம், கல்யாண வீட்டில் கொஞ்சம் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கடைக்காரரிடம் டெபாசிட் வாங்குவார்கள். அந்த டெபாசிட் கம்பெனியின் லாபம் அல்ல. அது அமானிதம். பாட்டில் திரும்பினால் பணம் திரும்ப வேண்டும்.

பாட்டில் கனம், உள்ளே இருப்பதும் பெரும்பாலும் தண்ணீர். இதைத் தூரத்துக்கு ஏற்றிப் போனால் வண்டி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். ஆகவேதான் ஊருக்கு ஊர் ஒரு சோடா கம்பெனி இருந்தது. பெரிய கம்பெனிகள்கூட ஒரே இடத்தில் தயாரித்து நாடெங்கும் அனுப்பவில்லை. சத்துக் கலவையை மட்டும் கொடுத்து, அந்தந்த ஊரில் பாட்டிலில் அடைக்கும் உரிமையை உள்ளூர்க் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். குளிர்பானத் தொழில் என்பது அடிப்படையில் குடும்பங்களின் தொழில்.

நம் பக்கத்தில் அதற்குப் பெரிய உதாரணம் காளிமார்க். விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் 1916இல் தொடங்கியது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அவர்களுடைய பொவன்டோவைக் குடிக்காதவர் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார். 1977இல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனது. பம்பாயில் பார்லே நிறுவனத்தின் சவுகான் குடும்பம் தம்ஸ் அப்பைக் கொண்டு வந்து நாடெங்கும் பரப்பியது. 1990இல் பெப்சி வந்தது, 1993இல் கோகோ கோலா திரும்பி வந்தது. அதே வருஷம் சவுகான் குடும்பம் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாவற்றையும் கோகோ கோலாவுக்கு விற்றுவிட்டது. நாட்டிலேயே பெரிய கம்பெனி விற்றுவிட்டுப் போனபோது, காளிமார்க் குடும்பம் விற்காமல் நின்றது. நூறு வருஷம் தாண்டியும் அது அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறது.

2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1ஆம் தேதி முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தது நினைவிருக்கும். அன்று கடைக்கு வந்தவர்கள் உள்ளூர்ச் சரக்கைக் கேட்டார்கள். கேட்டபோது கொடுப்பதற்கு மிஷினும் பாட்டிலும் ஆளும் யாரிடம் இருந்ததோ அவர்கள்தான் கொடுக்க முடிந்தது. எங்கள் கம்பெனி அதற்குப் பல வருஷம் முன்பே மூடிக் கிடந்தது. அது கோக் வந்ததால் மூடியது என்றுதான் ஊரில் பேசுவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அது அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நம் சமுதாயத்தின் இரண்டு குடும்பங்களைப் பார்ப்போம்.

ஒன்று சூரத். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு விம்டோவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ரமலான் வந்தால் அங்கே இஃப்தார் சுப்ராவில் அது இல்லாமல் இருக்காது. அந்த விம்டோ 1908இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிறந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவிலும் விற்றது. சுதேசி இயக்கம் சூடு பிடித்திருந்த நேரம் அது. சூரத்தில் அப்பாஸ் அப்துர்ரஹீம் ஹஜூரி என்பவர் 1923இல் தொடங்கிய கம்பெனி, விம்டோவுக்கு எதிராக 1927இல் ஒரு பானத்தைக் கொண்டு வந்தது. முதலில் வைத்த பெயர் 'விஸ்கி நோ'. பார்க்க மதுவின் நிறம், ஆனால் மது அல்ல என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். பிறகு லத்தீனில் தோழன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து 'சோசியோ' என்று மாற்றினார்கள். குஜராத் மக்கள் வாயில் அது சோஸ்யோ ஆனது. கம்பெனியும் மக்கள் சொன்னபடியே எழுத்தை மாற்றிக்கொண்டது. வாடிக்கையாளர் நாக்குக்குப் பணிந்து போவதும் ஒரு வியாபார புத்திதான்.

ஹஜூரி குடும்பம் ஏறக்குறைய நூறு வருஷம் தனியாகவே நடத்தியது. 2023 ஜனவரியில் ரிலையன்ஸ் அதில் சரிபாதிப் பங்கை வாங்கியது. மீதிப் பாதி குடும்பத்திடம். இதைத் தோல்வி என்று சிலர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். பெரிய கம்பெனிகளின் பணத்தோடும் விளம்பரத்தோடும் தனியாக மல்லுக்கட்டுவது லேசல்ல. வரியும் அப்படி. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது வாயு ஏற்றிய இனிப்புப் பானத்துக்கு 28 சதவீதமும், மேலே 12 சதவீதம் செஸ்ஸும் போட்டார்கள். கோடி பாட்டில் விற்பவனுக்கும் அதே வரி, ஆயிரம் பாட்டில் விற்பவனுக்கும் அதே வரி. நான் கவனிக்கச் சொல்வது வேறு. பாதியை விற்க முடிந்தது என்றால், முழுசு எவ்வளவு, அது யாருடையது என்று காகிதத்தில் இருந்தது என்று அர்த்தம். கணக்கு இல்லாத கம்பெனியில் பாதி எது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது டில்லி. ரூஹ் அஃப்ஸா. அது சோடா அல்ல, சர்பத். ஆனாலும் பாட்டிலில் அடைத்து விற்ற குடும்பத்தின் கதைதான். ஹகீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் 1906இல் பழைய டில்லியில் ஹம்தர்த் யூனானி மருந்தகத்தைத் தொடங்கினார். வெயிலின் கடுமை தீர ஒரு மருந்தாகத்தான் அந்தச் சிவப்புச் சர்பத்தைச் செய்தார். லேபிளை வரைந்தவர் மிர்ஸா நூர் அஹ்மத். அத்தனை வண்ணத்தில் அச்சிடும் வசதி அன்று டில்லியில் இல்லாததால் பம்பாயில் அச்சடித்து வரவழைத்தார்கள்.

1922இல் ஹகீம் வஃபாத்தானார். மூத்த மகன் அப்துல் ஹமீதுக்கு 14 வயது. இளைய மகன் முஹம்மது சயீதுக்கு இரண்டு வயது. அந்த நேரத்தில் தொழிலைக் கட்டிக் காத்தவர் அவர் மனைவி ராபியா பேகம். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முன், கணவனை இழந்த ஒரு பெண், கைக்குழந்தையோடு ஒரு கம்பெனியைக் காப்பாற்றியிருக்கிறார். கம்பெனியில் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன பாக்கி என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திராவிட்டால் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

பிறகு பிரிவினை. தம்பி சயீத் 1948இல் கராச்சிக்குப் போய் அங்கே ஹம்தர்தைப் புதிதாகத் தொடங்கினார். அண்ணன் டில்லியிலேயே தங்கினார். இரண்டு நாட்டிலும் அதே சர்பத், அதே பெயர். அதே 1948இல் அண்ணன் தன் கம்பெனியை வக்ஃபு ஆக்கினார். 1953இல் தம்பியும் கராச்சியில் அப்படியே செய்தார். வருமானம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் போக ஏற்பாடு. 1989இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஜாமியா ஹம்தர்த் அந்த வழியில் வந்ததுதான். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே மருந்தியலும் மருத்துவமும் படிக்கப் போகிறார்கள். வெயிலுக்குக் குடித்த சர்பத்தின் பணம் ஒரு பல்கலைக்கழகமாக நிற்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இதில் இன்னொரு பாதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வக்ஃபு ஆக்கியதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அடுத்த தலைமுறைகளில் தலைமை முத்தவல்லி யார் என்பதில் குடும்பத்துக்குள் வழக்கு எழுந்து, 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. சொத்து யாருடையது என்று எழுதியாகிவிட்டது. அதை நிர்வகிப்பது யார் என்பதில் தகராறு. அவ்வளவு பெரிய மனிதர்கள், அவ்வளவு நல்ல எண்ணம் உள்ள குடும்பம், அங்கேயே அப்படி என்றால் நாம் எந்த மூலை?

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

பெரியத்தா பினாங்கில் இருந்து திரும்பி வந்தபோது கொண்டு வந்த பணத்தில் மிஷின் வாங்கினார்கள். அத்தா கையில் பணம் இல்லை, உழைப்பைப் போட்டார்கள். பெரியத்தா கல்லாவில் உட்காருவார்கள். அத்தா அதிகாலையில் பாகு காய்ச்சி, சிட்ரிக் அமிலமும் எசன்ஸும் அளந்து ஊற்றி, வண்டியில் லைனுக்கும் போவார்கள். இரண்டு வீட்டுச் செலவும் அந்த ஒரே கல்லாவில் இருந்துதான். பள்ளிக்கூட ஃபீஸும் அதிலே, சர்க்கரை மண்டிக்குக் கொடுப்பதும் அதிலே. 'அண்ணன் தம்பிக்குள்ள என்ன கணக்கு' என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஊரில் எங்கள் குடும்பத்தை உதாரணம் காட்டிப் பேசிய பெரியவர்கள் உண்டு.

நான் பத்தாவது படிக்கும்போது ஒரு லுஹர் நேரம் பெரியத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இத்தா முடிந்ததும் பெரியம்மா அத்தாவை அழைத்து, 'அவங்க பங்கு என்னன்னு சொல்லிடுங்க, மூணு பிள்ளைங்களை வச்சிருக்கேன்' என்றார்கள். அத்தா, 'கம்பெனியில கடன்தான் இருக்கு' என்றார்கள். அது பொய் அல்ல. சர்க்கரைக்கும் பாட்டிலுக்கும் பாக்கி இருந்தது. ஆனால் மிஷின் இருந்தது, ஆயிரக்கணக்கில் பாட்டில் இருந்தது, லைன் இருந்தது. பெரியம்மா நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? ஜமாஅத்தில் மூன்று தடவை உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைகள் இருக்கும் விதவைக்கு எட்டில் ஒரு பங்கு என்பது மஜ்லிஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எதில் எட்டில் ஒன்று? பெரியத்தாவுக்குக் கம்பெனியில் பாதியா, முக்காலா, முழுவதுமா? அத்தாவின் உழைப்புக்கு என்ன பங்கு? சொல்ல ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பெரியம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை அவர்கள் மிதிக்கவில்லை.

அத்தாவுக்கு அதிலிருந்து தொழிலில் மனம் இல்லை. கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் இல்லை. லைன் ஒவ்வொன்றாக விட்டுப் போனது. கோக் நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் கம்பெனியில் எதிர்த்து நிற்க எதுவும் மிச்சம் இல்லை. மூடும்போது அத்தா ஒரு காரியம் செய்தார்கள். ஒவ்வொரு கடையாகப் போய்ப் பாட்டிலை வாங்கிக்கொண்டு டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிஷினை விற்ற பணம் போதாமல் அம்மாவின் வளையலும் போனது. ஒரு கடைக்காரருக்கும் பாக்கி வைக்கவில்லை.

அத்தா மவுத்தான பிறகு அலமாரியில் ஒரு நீள நோட்டு கிடைத்தது. எந்தக் கடையில் எத்தனை பாட்டில், எத்தனை உடைசல், எவ்வளவு டெபாசிட் என்று இருபது வருஷக் கணக்கு. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். கூடப்பிறந்த அண்ணனுக்கு எத்தனை பங்கு என்று ஒரு வரி இல்லை. என் அத்தா மோசக்காரர் அல்ல. அந்நியருக்குக் கணக்கு எழுத வேண்டும், சொந்தத்துக்கு எழுதினால் மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டார்கள். பெரியத்தாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது என்று ஆலிம்களைக் கேட்டுப் பாருங்கள். தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றியது. அதில் சொந்தக்காரருக்கு விலக்கு இல்லை.

நாட்டின் சட்டமும் இதில் கண்டிப்பானது. 1932ஆம் வருஷக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு விதமாகப் பேசி வைத்திருந்தால் ஒழிய, பங்காளி ஒருவர் இறந்தால் கூட்டு அத்தோடு கலைந்துவிடும். பதிவு செய்யாத கூட்டு தன் பெயரில் வெளியாள் மேல் பாக்கிக்கு வழக்குப் போடுவதும் முடியாது. இது தெரியாமல் எத்தனை அண்ணன் தம்பிகள் ஒரே போர்டின் கீழ் உட்கார்ந்திருக்கிறோம்!

ஆகவே வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். யார் பணம் போட்டார், யார் உழைப்புப் போட்டார், லாபம் எப்படிப் பிரியும், ஒருவர் போய்விட்டால் அவர் பிள்ளைகளுக்கு என்ன, அடுத்து நிர்வாகம் யார் கையில் என்று ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று வைத்துக்கொண்டு, கல்லாவில் கை போடுவதை நிறுத்துங்கள். வாடிக்கையாளரின் டெபாசிட்டையும் அட்வான்ஸையும் உங்கள் பணமாக எண்ணாதீர்கள். மனைவிக்குக் கணக்கைக் காட்டுங்கள், ராபியா பேகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தர்மத்துக்கு எழுத ஆசைப்பட்டால், மரண சாசனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், ஆலிமையும் வக்கீலையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். பத்திரம் எழுதக் கேட்டால் அண்ணன் மனம் நோகுமே என்று தயங்காதீர்கள். எழுதாமல் விட்டதால் நொந்த மனங்களை நான் பார்த்தவன்.

நானும் தம்பியும் தங்கையும் நோட்டு கிடைத்த பிறகு ஓர் ஆலிமிடம் போனோம். மிஷின் விற்ற தொகை எங்களுக்குத் தெரியும், பாட்டில் எண்ணிக்கை நோட்டில் இருந்தது. சரிபாதி என்று வைத்துக்கொண்டு, கடன் போக பெரியத்தாவின் வாரிசுகளுக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்கினோம். சேர்த்துக் கொடுக்க எங்களுக்கு மூன்று வருஷம் ஆனது. அதற்குள் பெரியம்மா மவுத்தாகிவிட்டார்கள். அவர்கள் மகள், என் அக்கா, பணத்தை வாங்கிக்கொண்டார்கள். கணக்கு எழுதிய தாளையும் கேட்டு வாங்கி, ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார்கள். போன பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகளுக்கு ரூஹ் அஃப்ஸா கலக்கிக் கொடுத்தோம்.

பெரியத்தாவுக்கும் அத்தாவுக்கும் பெரியம்மாவுக்கும் அல்லாஹ் மஃக்பிரத்தை வழங்குவானாக. உங்கள் தொழில்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.